அஞ்சு அடுக்கு வெள்ளை

இடது கை வயித்து மேல இருக்கணும், வலது கை நாற்காலிப் பிடியில, முகம் ஜன்னலைப் பாத்து, உச்சிவேளை மணி அடிக்கிறவரைக்கும் அசையக் கூடாதுன்னு சொல்லிட்டு ஓவியன் யோஸ்ட் தன் பலகைக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டான். ராணியா இருந்தா என்ன, படம் எழுதுறவன் முன்னாடி எல்லாரும் பொம்மைதான். ஆல்டாவும் பொம்மையாட்டம்தான் உக்காந்திருந்தா, அப்பத்தான் அடிவயித்துல யாரோ ஈரத்துணியைப் பிழியிற மாதிரி ஒரு தடவை சுருட்டிப் பிடிச்சுது. குழந்தை புரளுதுன்னு நினைச்சுக்கிட்டா. ஒரு மூச்சு நேரம் அப்படி நினைச்சுக்க முடிஞ்சுது. மூணாம் மாசத்துல எது புரளும், அவளுக்குத் தெரியாதா, பியாவைச் சுமந்து பெத்தவதானே, பியா அஞ்சாம் மாசத்துலதான் மீன்குஞ்சு மாதிரி ஒரு துள்ளு துள்ளுனா, அதுவும் கோயில்ல, பாதிரியார் நரகத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தப்போ, இவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு, பக்கத்துல இருந்த மாமியார்க்காரி தொடையில கிள்ளி வெச்சா, அந்தத் தழும்பு ஒரு வாரம் போகலை. இது அது இல்ல. இடுப்புல ஒரு கனம், தண்டுவடத்துக்குக் கீழ ஒரு இழுப்பு, நாலு நாளாவே இருந்துச்சு, குளிர்னு சொல்லிக்கிட்டா, நாற்காலி வெறும் கட்டைன்னு சொல்லிக்கிட்டா. இப்போ தொடை நடுவுல இளஞ்சூடா ஒண்ணு கசிஞ்சுது. ஒரு சொட்டு இருக்கும். ரெண்டு சொட்டு. இருபது வயசுக்காரிக்கு இதைவிடச் சாதாரணமா என்ன நடக்கும், துணி துவைக்கிறவளுக்கும் நடக்குது, ஆட்டுக்காரன் பொண்டாட்டிக்கும் நடக்குது, அவங்க எழுந்து போய் ஒரு கந்தலை எடுத்துக் கட்டிக்கிட்டு அடுத்த வேலையைப் பாப்பாங்க. "கையை இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க மகாராணி, பிள்ளை இருக்கிற இடம் தெரியணும்னு மந்திரிசபை உத்தரவு"ன்னான் யோஸ்ட். அவ கையை இறக்குனா.

அஞ்சு அடுக்கு. மனசுக்குள்ள எண்ணிப் பாத்தா. உடம்பை ஒட்டி மெல்லிசா ஒரு லினன் சட்டை, அது மேல கம்பளிப் பாவாடை, அது மேல கஞ்சி போட்டது, அது மேல பட்டு, எல்லாத்துக்கும் மேல துக்க அங்கி, பின்னால நாலு முழத்துக்கு வால் விட்டுத் தரையில கிடக்குது. அஞ்சும் வெள்ளை. மொந்தாரான்னு ரெண்டு மலைக்கு நடுவுல மாட்டிக்கிட்ட சின்ன ராஜ்யம் அது, அங்க ராஜா செத்தா ஊரே கறுப்பு உடுத்தும், ராணி மட்டும் வெள்ளை. ராஜா ருஜேரோ போனது சண்டையிலயும் இல்ல, சதியிலயும் இல்ல, ஒரு கடவாய்ப்பல்லுல. மான் வேட்டை முடியட்டும் பிடுங்கிக்கலாம்னார், வேட்டை முடிஞ்சுது, விருந்து முடியட்டும்னார், விருந்து முடியறதுக்குள்ள தாடை புளிச்ச மாவாட்டம் உப்பிப்போச்சு, பல்லைப் பிடுங்கக் குதிரைக்கு லாடம் அடிக்கிறவனைக் கூடக் கூட்டிட்டு வந்தாங்க, ஆறாம் நாள் ஆள் இல்ல. முப்பத்தெட்டு வயசு. கெட்ட மனுஷன்னு சொல்ல முடியாது, பேச வேண்டிய நேரத்துல நாய்க்கு ரொட்டி போட்டுக்கிட்டிருப்பார், அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாப்பது நாள் வெள்ளை அறை. சுவரெல்லாம் வெள்ளைத்துணி, ஜன்னலெல்லாம் அடைப்பு, பகல்லயும் மெழுகுவத்தி, சாப்பாட்டுக்கு ரசத்துல ஊற வெச்ச ரொட்டி ரெண்டு கரண்டி. அதுலதான் நாள் தள்ளிப்போச்சு. ஒரு மாசம், அப்புறம் இன்னொரு மாசம். வைத்தியர் அவ மூத்திரம் பிடிச்ச கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தார், மோந்து பாத்தார், சிரிச்சார், அன்னிக்கு சாயங்காலம் ஊர் மணி எல்லாம் அடிச்சுது. அவ பொய் சொல்லல. அதை யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, நான் பொய் சொல்லல, ராத்திரி படுத்துக்கிட்டு வயித்தைத் தடவி அதுகிட்டப் பேசக்கூட பேசுனேன்னு. பட்டினியால நின்னுபோயிருக்கு, இப்போ மூணு வாரமா கறி தின்னதுல திரும்பி வந்திருக்கு, வேற ஒண்ணும் இல்ல. வேற ஒண்ணும் இல்லாமத்தான் ஊரே அது முன்னால முட்டி போட்டு மூணு ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணியிருக்கு. முதல் அடுக்கு நனைஞ்சிருக்கும். கம்பளி கொஞ்சம் குடிக்கும், கம்பளி நல்லது.

பின்னால ஊர்சுலா அம்மா நிக்கிறா, அங்கி வாலைப் பிடிச்சுக்கிட்டு. முதல் தோழின்னு பேரு, இருபத்தாறு வருஷமா இந்த அரண்மனையில மூணு ராணிக்கு வால் பிடிச்சவ, ஆல்டா எழுந்தா அவதான் முதல்ல பாப்பா. யார் பக்கம்னு தெரியல. சிரிக்க மாட்டா, கோள் சொன்னதாவும் காதுல விழுந்ததில்ல. ஆனா கூடையைத் தூக்கிக்கிட்டுப் போறவ அவதானே. மொந்தாராவுல ராணியோட அழுக்குத்துணிக் கூடை நேரா ஆத்துக்குப் போகாது, மூடி போடாம மந்திரிசபைக் கூடத்து வழியா போகும், அன்னன்னிக்குத் துணி மறுநாள் காலையில, முதல் மந்திரி ஒரு கோலால கிளறிப் பாப்பார், முகத்துல ஒண்ணும் காட்டாம, மீன்கடையில நிக்கிற மாதிரி. ராஜா இல்லாத ராஜ்யத்துல ராணி கர்ப்பமா இல்லையான்னு கூடைதான் சொல்லும், ராணி சொல்றதில்ல, ராணியை யாரும் கேக்கறதும் இல்ல. கூடை சுத்தமா இருக்கிறவரைக்கும் சிம்மாசனம் காத்திருக்கும், அவ ராணியா இருப்பா, பிள்ளை பொறந்தா பிள்ளைக்காக ஆளுவா. கூடையில கறை இருந்தா அந்த நேரத்துலேர்ந்து செத்தவரோட தம்பி கஸ்பாரோ ராஜா, செத்தவரோட பொண்ணு கஸ்பாரோவோட சொத்து. பொண்ணுதான். மூணு வயசுப் பியா, 'ர' வராது, அப்பா பேரையே 'உஜேயோ'ம்பா. அவளைக் கடலோர நாட்டுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசி முடிச்சாச்சு, கல்யாணம் பன்னெண்டு வயசுல, ஆனா வளர்றது மாமியார் வீட்டுல, இந்த வசந்த காலத்துலேயே அனுப்பணும். கஸ்பாரோ பேசுனான். ராணி கையெழுத்து போடல. அவ ராணியா இருக்கிறவரைக்கும் போடாம இருக்கலாம். அவ்வளவுதான் அவ கையில இருக்கிற அதிகாரம், ஒரு கையெழுத்தைப் போடாம வெச்சிருக்கிறது.

மறைச்சுட்டா என்ன. கந்தலை எரிச்சுட்டு, கூடையில வெறும் முகம் துடைச்ச துணியைப் போட்டுட்டு, ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்புறம். அப்புறம் வயிறு. ருஜேரோவோட தாத்தா காலத்துல ஒரு ராணி தலைகாணி கட்டுனா, கதை சமையக்கட்டுல இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாங்க, ஏழாம் மாசம், ஈஸ்டர் ஊர்வலம், ராணி முன்னால நடந்து போறா, பின்னால ஒரு வாத்து இறகு விழுது, பத்தடி தள்ளி இன்னொண்ணு, கூட்டத்துல ஒரு கிழவி குனிஞ்சு பொறுக்கிப் பொறுக்கிக் கோயில் வாசல் வரைக்கும் வந்து, "மகாராணிக்கு வாத்துக்குஞ்சு பொறக்கப்போகுது"ன்னு சத்தமா சொன்னாளாம். சொல்றவங்க இந்த இடத்துல நிறுத்திடுவாங்க. அவளுக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சு, ரெண்டு வயசு, அன்னிக்கு சாயங்காலமே தூக்கிட்டுப் போயிட்டாங்க, அந்த ராணியை மலை மேல கன்னிமாடத்துல வெச்சுப் பூட்டுனாங்க, நாப்பத்தொரு வருஷம் இருந்தாளாம். நாப்பத்தொண்ணு. ஆல்டா வயசுல ரெண்டு மடங்கு. அப்போ இந்த நிமிஷம் என்ன. இது பொய்யா. இன்னும் இல்ல. இப்போ வரைக்கும் அவளுக்குத் தெரியாது, இப்போ தெரியும், தெரிஞ்சப்புறம் கையை வயித்து மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஒவ்வொரு மூச்சும் தலைகாணிதான். அந்தா இன்னொரு தடவை சுருட்டுது. கஞ்சி போட்டது தடுக்கும். கஞ்சி போட்டது தடுக்குமா, இல்ல கஞ்சி போட்ட துணியிலதான் சீக்கிரம் பரவுமா, துவைக்கிற நெனாவைக் கேட்டா சொல்லுவா, நெனாவுக்கு எல்லாக் கறையும் தெரியும், குளிர்ந்த தண்ணி, உப்பு, வெயில் கூடாது. யோஸ்டோட பலகைக்குப் பக்கத்துல கிண்ணத்துல சிவப்புச் சாயம் இருக்கு, எழுந்திருக்கறப்போ தடுக்கி விழுந்து அதைத் தட்டிவிட்டா என்ன. அது முன்னால இருக்கு, கறை பின்னால. முன்னால சிவப்பைக் கொட்டிக்கிட்டவளைப் பின்னால திருப்பித்தானே துடைப்பாங்க. முட்டாள்தனம். "மகாராணி முகம் ரொம்ப வெளுத்துட்டே போகுது, இவ்வளவு வெள்ளைக்கு எங்கிட்ட வெள்ளை இல்ல, ஒரு தடவை ஒரு பிஷப்பு இப்படித்தான், மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்காம, நானும் எழுதிட்டேன், அப்புறம் வந்து ஏன்யா நான் செத்த மாதிரி இருக்கேன்னாரு"ன்னான் யோஸ்ட். பின்னால ஊர்சுலா அம்மா தொண்டையைச் செருமுனா. அது பிஷப்புக்கா, இல்ல எதையாவது பாத்துட்டாளா, இல்ல ஒரு வாடை. இரும்பு வாடை வருமே. எண்ணெய் வாடையில தெரியாது. கணப்புல விறகு எரியுது, அந்த வாடையில தெரியாது.

பதினோரு வயசுல அவளைத் தூக்கிட்டு வந்தாங்க. அதை நினைக்கக் கூடாது, நினைச்சா முகம் மாறும், படத்துல விழுந்துடும். பல்லக்கு மாதிரி ஒரு பெட்டி, ரெண்டு கோவேறு கழுதை, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு, மலையேறுறப்போ பெட்டி ஆடுற ஆட்டத்துல வாந்தி எடுத்து எடுத்து வயிறு காஞ்சு போச்சு. அம்மா வாசல் வரைக்கும் வந்தா. வந்து கழுத்துப்பட்டையைச் சரி பண்ணுனா, ஒரு தடவை, ரெண்டு தடவை, சரியா இருந்ததையே திரும்பத் திரும்பச் சரி பண்ணிக்கிட்டிருந்தா, அப்புறம் சட்டுனு திரும்பி உள்ள போயிட்டா, திரும்பிப் பாக்கல. ரொம்ப வருஷம் அம்மா மேல கோவம் இருந்துச்சு. பியா பொறந்தப்புறம் போச்சு. இந்த அரண்மனைக்கு வந்த அன்னிக்கு ருஜேரோவோட அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாத்தா, அன்னிக்கே மகன் பல்லையும் பாத்திருக்கலாம். முதல் தீட்டு இங்கதான், பதிமூணுல, என்னன்னு தெரியாம செத்துப்போகப்போறேன்னு நினைச்சுக் கணப்பு பக்கத்துல ஒளிஞ்சு உக்காந்திருந்தா, அடுத்த நாள் மந்திரிசபையில கை தட்டுனாங்களாம். கை தட்டுனாங்க, பந்தி போட்டாங்க, அவளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. பியாவுக்கு யார் சொல்லுவா. பியா அந்தப் பெட்டிக்குள்ள. மூணு வயசுக்கு அந்தப் பெட்டி ரொம்பப் பெருசு, உருளுவா. பட்டு வரைக்கும் வந்திருச்சா. பட்டு வரைக்கும் வந்தா பட்டு வழிய விட்டுடும், பட்டு எதையும் பிடிச்சு வெச்சுக்காது. ஜன்னலுக்கு வெளிய மணிக்கோபுரத்தோட நிழல் முற்றத்துல ஒட்டிக்கிட்டே வருது, கிணத்தைத் தொட்டா மணி. இன்னும் ரெண்டு முழம். நம்ம வாயால சொன்னா என்ன ஆகும்னு எங்கேயும் எழுதலை, அவ தேடிப் பாத்ததில்ல, ஆனா எழுதியிருக்காது, எந்த ராணியும் சொன்னதில்லையே. பொய் சொன்னவளுக்கு என்னன்னு இருக்கு. கூடை சொன்னா என்னன்னு இருக்கு. கூடைக்கு முன்னால அவளே சொல்லிட்டா என்ன. கூடை நாளைக்குக் காலையிலதானே. இந்த இடத்துல நினைப்பு ஒரு ஆணியில மாட்டின துணி மாதிரி நின்னுபோச்சு, இழுத்துப் பாத்தா, விடல.

கதவு திறந்துச்சு. கஸ்பாரோ வந்தான், பின்னால ரெண்டு தூதர், ஒருத்தர் வடக்கே ஏதோ பெரிய நாடு, இன்னொருத்தர் பியாவைக் கேட்ட கடலோர நாட்டுக்காரர், குள்ளமா, எப்பவும் கையுறையைக் கழட்டி மாட்டிக்கிட்டே இருப்பார். கஸ்பாரோவுக்கு முப்பத்தி நாலு, அண்ணனைவிட அழகன், பல்லும் நல்லா இருக்கும். "அண்ணி, எழுந்திருக்காதீங்க, நாங்க உங்களைப் பாக்க வரல, உங்க படத்தைப் பாக்க வந்தோம்"னான். தன்னைவிட பதினாலு வயசு சின்னவளை அண்ணிங்கிறப்போ அந்த வார்த்தையை வாய்க்குள்ள ஒரு தடவை உருட்டித்தான் வெளிய விடுவான். பலகைக்குப் பின்னால போய் நின்னு பாத்தான். "வயிறு இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கக் கூடாதா யோஸ்ட், பாக்கிறவங்களுக்கு சந்தேகம் வரக் கூடாது பாருங்க." "எனக்குத் தெரியிறதைத்தான் பிரபு எழுதுவேன்." "அப்போ ஒண்ணும் தெரியலைங்கிறீங்க." தூதருங்க சிரிச்சாங்க. யோஸ்ட் தூரிகையைத் துடைச்சுக்கிட்டான், "மூணு மாசத்துக்கு இவ்வளவுதான் பிரபு, எனக்கு ஆறு பிள்ளை, நான் பாத்திருக்கேன்"னான். கஸ்பாரோ நெருங்கி வந்தான், நாற்காலியைச் சுத்தி நடந்தான், மெதுவா, சந்தையில குதிரையைச் சுத்தி வர்ற நடை, பின்னால போனப்போ அவன் காலடி ஒரு இடத்துல நின்னுச்சு. அவ முதுகு பூராவும் கண்ணாயிடுச்சு. என்ன பாக்குறான். நாற்காலி ஓரமா, பாவாடை மடிப்புல. இல்ல, வாலை மிதிச்சுட்டான், "மன்னிக்கணும் அம்மா"ன்னு ஊர்சுலாகிட்ட சொல்றான். "மணி அடிச்சதும் நாங்களே அண்ணியைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறோம், நாலாவது ஜெபம் இல்லையா இன்னிக்கு, ஜனங்க வாசல்லயே நிக்கிறாங்க, நீங்க முன்னால நடங்க, நாங்க பின்னால வர்றோம்"னான். நீங்க முன்னால நடங்க. அவங்க பின்னால. ஊர் பூரா பின்னால. கையுறைக்காரர் குனிஞ்சு, "இளவரசிக்குக் கடல் பிடிக்குமா மகாராணி"ன்னு கேட்டார். அவ சொன்ன பதில் அவளுக்கே புதுசா இருந்துச்சு: "அவ கடலைப் பாத்ததில்லை. கிணத்தைப் பாத்தாலே கையைப் பிடிச்சுக்குவா." நிழல் கிணத்து ஓரத்துல ஏறிடுச்சு. கை வயித்து மேல இருந்துச்சு. இப்போதான் அதைப் பாத்தா, மோதிரம் போட்ட தன் கை, வெறும் வயித்து மேல, எவ்வளவு நல்லா நடிக்குது.

மணி அடிச்சுது. பன்னெண்டையும் அடிச்சு முடிக்கிறவரைக்கும் எல்லாரும் தலை குனிஞ்சு நிப்பாங்க, அது முடிஞ்சதும் ராணி எழுந்திருக்கணும், அவ எழுந்திருக்காம யாரும் நிமிரக் கூடாது, நகரக் கூடாது. முடிஞ்சுது. அவ எழுந்திருக்கல. குனிஞ்ச தலைங்க அப்படியே இருந்துச்சு, யோஸ்டோட வழுக்கை, கஸ்பாரோவோட எண்ணெய் வெச்ச முடி, விறகு ஒண்ணு உடைஞ்சு விழுந்துச்சு. அவ கையை வயித்துலேர்ந்து எடுத்து மடியில வெச்சா. "எனக்குத் தீட்டு வந்திருச்சு"ன்னா. குரல் கூடத்துல ரொம்ப பெருசா கேட்டுச்சு, அரண்மனையில யாரும் சொல்லாத வார்த்தை, ஆத்தங்கரையில நெனா கல்லுல அடிச்சுக்கிட்டே சொல்றது. "இப்பத்தான், இங்க உக்காந்திருக்கறப்போ. வயித்துல ஒண்ணும் இல்ல. இருக்குன்னு நானும் நம்புனேன், வைத்தியரும் நம்புனார். இல்ல. தூதருங்க நீங்க ரெண்டு பேரும் சாட்சி, நீயும்தான் யோஸ்ட்." ஒருத்தரும் நிமிரல. கையுறைக்காரர் காது சிவந்துபோச்சு. கஸ்பாரோ தரையைப் பாத்துக்கிட்டே, "அண்ணி, இதையெல்லாம் இந்த மாதிரி, ஆம்பளைங்க இருக்கிற இடத்துல"ன்னு இழுத்தான். "அறுபது நாளா என் துணியைக் கோலால கிளறிப் பாத்தது யாரு கொழுந்தனாரே, பொம்பளைங்களா?" ஒரு ராஜ்யம் கையில வந்து விழுந்திருக்கு, ஆனா அவனால அவ முகத்தைப் பாக்க முடியல. அவ தொடர்ந்து பேசுனா. "கூடை நாளைக்குக் காலையிலதான் சபைக்கு வரும். அது வந்தப்புறம் நீங்க ராஜா. அதுவரைக்கும் இந்த நாட்டுக்கு ராணி நான்தான், எந்தக் காவல்காரனும் என் வண்டியை நிறுத்த முடியாது. நான் எங்க அப்பா ஊருக்குப் போறேன். பியா எங்கூட வர்றா." கையுறைக்காரர் தலையை லேசா தூக்கி, "குழந்தை விஷயம் பேசி முடிச்சது ஆச்சே பிரபு"ன்னார். "நீங்க பேசுனீங்க. நான் கையெழுத்துப் போடல"ன்னா ஆல்டா. கஸ்பாரோ, நாளைக்கு ராஜா ஆகப்போறவன், இன்னிக்கு ரெண்டு நாட்டுத் தூதர் முன்னாடி ராணி உத்தரவை மீறுனவன்னு பேர் வேணுமா வேணாமான்னு கணக்குப் போடுறான், போட்டு முடிச்சதும் குரல் இறங்கிடுச்சு. "போங்க. நாளைக்குக் கூடை வந்தப்புறம் குழந்தை எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தா, அது எங்க வீட்டுப் பொண்ணு. என் குதிரைக்காரங்க உங்க பின்னால வருவாங்க, உங்களுக்குத் தெரியும்." எல்லைக்கு நாலு காதம், அதுல பாதி மலை.

அவ எழுந்தா. நாற்காலியைத் திரும்பிப் பாக்கல, பாத்து என்ன ஆகப்போகுது. அடிவயிறு சுருட்டுன சுருட்டுல நாற்காலிப் பிடியைப் பிடிச்சுக்கிட்டா. ஊர்சுலா அம்மா அங்கி வாலைத் தூக்கி மடிச்சு மறைக்கப் போனா, "விட்டுடுங்க, கிடக்கட்டும்"னா ஆல்டா. குனிஞ்சிருந்தவங்க நடுவுல நடந்து கதவைத் தாண்டுனா, நடைபாதையில நடை ஓட்டமா மாறுச்சு, பின்னாலேயே அந்தக் கிழவியும் வாலைக் கையில சுருட்டிக்கிட்டு மூச்சு வாங்க வந்தா. "வண்டி வேணாம் மகாராணி, மலைப்பாதையில வண்டி நாளைக்குள்ள போகாது, கோவேறு கழுதை சொல்றேன், ரெண்டு." ஆல்டா நின்னு அவ முகத்தைப் பாத்தா, ஒம்பது வருஷத்துல முதல் தடவையா. அந்த முகத்துல அப்பவும் ஒண்ணும் தெரியல. "நாளைக்குக் கூடையை நீங்கதானே எடுத்துட்டுப் போகணும்"னா. "நான்தான்"னா ஊர்சுலா, "நாப்பத்தி மூணு படி. எனக்கு முட்டி சரியில்ல, ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்துதான் இறங்குவேன். மத்தியானம் கூட ஆயிடும், யாரு என்ன பண்ண முடியும்." மாடியில பியா தூங்கிக்கிட்டிருந்தா, ஒரு கன்னம் சிவந்து, வாய் திறந்து. எழுப்பட்டுமான்னு ஊர்சுலா கேட்டா. "வேணாம், அப்படியே தூக்கிக்கிறேன். அந்தக் கம்பளித் தொப்பியை மட்டும் எடுங்க, காதை மூடுற தொப்பி. மலை மேல காத்து அடிக்கும்."